எட்டு என்று சொன்னேன்

சுஹார் ஆஸ்பத்திரியில் என் வேலை தரை.
மூன்றாம் மாடி, ஆண்கள் பிரிவு,
காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை
டெட்டால் வாசனையும் நானும்.
மொழிபெயர்ப்பு என் சம்பளத்தில் இல்லை.

ஆனாலும் கூப்பிடுவார்கள்.
"மரகதம், தமிழ்" என்பாள் நர்ஸ் ரோவெனா.
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
கையுறையைக் கழற்றிக்கொண்டே போவேன்.
ஏழு வருடத்தில் சேர்ந்த அரபி,
பாதி ஹிந்தி, கொஞ்சம் மலையாளம்,
எல்லாவற்றையும் வாயில் போட்டு மென்று
டாக்டரிடம் கொடுப்பேன்.

டாக்டர் இத்ரீஸிடம் ஓர் அட்டை இருக்கிறது.
பூஜ்ஜியம் முதல் பத்துவரை முகங்கள்.
பூஜ்ஜியம் சிரிக்கிறது, பத்து அழுகிறது.
நடுவில் உள்ளவை
சம்பளம் தள்ளிப்போன மாதத்து முகங்கள்.

எங்கள் ஆட்கள் எண் சொல்வதில்லை.
குடையுது என்பார்கள்.
கடுக்குது, இசிக்குது, சுருக்குங்குது,
விண்ணு விண்ணுன்னு தெறிக்குது,
மதமதன்னு கிடக்குது.
இவை அத்தனைக்கும் எனக்குத் தெரிந்த அரபி ஒன்றுதான்:
வஜா.
பத்துப் பிள்ளைக்கும்
ஒரே பெயர் வைத்த வீடு மாதிரி.

அடைக்கலம் வந்தது ஜூலையில்.
சாரம் கட்டுகிறவன், திருவாடானைப் பக்கம்.
கூட வந்த கேம்ப் பாஸ்
அவன் வாய் திறக்கும் முன்னே "கேஸ்ட்ரிக்" என்று சொல்லிவிட்டு
போனில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டான்.

விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் தொட்டுக் காட்டினான்.
"முறுக்குதுக்கா. ஈரத்துணியைப் பிழியிற மாதிரி.
பிழிஞ்சா ஒரு சொட்டு வருது,
அதுவும் செவப்பா."

தண்ணீர் குடிப்பானா என்று கேட்டார் டாக்டர்.
"ஒம்பதாவது தட்டுல வேலை.
ஒண்ணுக்குப் போக எறங்கி ஏற முக்கா மணி நேரம்.
அதுக்குக் கேள்வி கேப்பாங்க.
குடிக்காட்டி எறங்க வேண்டாம்ல?"
கணக்குச் சரியாக வந்துவிட்ட பையனைப் போலச் சிரித்தான்.

இதை அரபியில் கொண்டுவர நேரம் பிடித்தது.
தண்ணீர் இருந்தது. தாகம் இருந்தது. இறங்க முடியவில்லை.
டாக்டர் பேனாவை மூடினார்,
மறுபடி திறந்தார்,
அட்டையை நீட்டினார்.

அடைக்கலம் கேம்ப் பாஸைப் பார்த்தான்.
பிறகு உதடு அசையாமல் என்னிடம்:
"ரெண்டுன்னு சொல்லுக்கா.
அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா ஏத்தி விட்டுருவாங்க.
ஏஜெண்டுக்கு இன்னும் அறுபதாயிரம் பாக்கி."
சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில்
அவன் விரல் நின்றது. நகம் வெளுத்திருந்தது.

போன வருடம் ஒருவனுக்கு ரெண்டு என்று சொன்னேன்,
அவன் கேட்டுக்கொண்டதால்.
அவன் படுத்திருந்த கட்டிலைப் பிறகு
நான்தான் கழுவினேன்.

"தமானியா" என்றேன்.

எட்டு.
அவனுக்கும் அரபி எண்கள் தெரியும்,
சம்பளம் எண்ணியவன்தானே.
அவன் என்னைப் பார்த்த முகம்
அந்த அட்டையில் இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். கட்டில் கொடுத்தார்கள்.
பதினொரு நாள்
நான் போகும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அவன் செருப்பைத் தூக்கி, அடியில் துடைத்து,
அதே இடத்தில் வைத்துவிட்டு வருவேன்.
பன்னிரண்டாம் நாள் கட்டில் காலி.
கம்பெனி டிக்கெட் எடுத்துவிட்டதாம்.

அன்றிரவு அறையில்
முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும்போது
எத்தனை என்று என்னையே கேட்டேன்.
பதில் சொல்லவில்லை.
காலையில் ஷிப்ட்.

அக்டோபரில் ஒரு குரல் செய்தி, ஊர் எண்ணிலிருந்து.
ரோவெனாவிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறான்.
பின்னால் பஸ் ஹாரன், யாரோ கடலை விற்கிறார்கள்.
வாரம் ரெண்டு நாள் மதுரைக்கு, மெஷினுக்கு.
ஏஜெண்டு வாசலில் வந்து நின்று கத்தினானாம்.
அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை,
முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா,
அன்னைக்கு நீ தப்பாச் சொல்லிட்ட.
எட்டு இல்ல.
ஒம்பதே முக்கால்."